கமர்ஜஹானின் இடுப்பு

பேகம்பூர் தோல் ஷாப்புத் தெருவில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டார்கள். விடியற்காலையில் பல்கூட விளக்காமல், வெறும் வயிற்றோடு சனாவுல்லா வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சனாவுல்லாவுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. அவன் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முழங்கால் மட்டும் நின்று ஆட்டுத்தோல் புரட்டுகிறவன். விசேஷமெல்லாம் அவன் பெண்சாதி கமர்ஜஹானின் வலது காலில் இருந்தது. அவள் பிறக்கும்போது தலை வராமல் கால் முதலில் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் இடுப்பில் மூன்று முறை காலை வைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது திண்டுக்கல் சுற்றுவட்டாரம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த ஒரு விஷயத்தில் யாரும் சாதி மதம் பார்த்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அதையெல்லாம் விசாரிக்க நேரமேது?

ரெட்டியார்சத்திரத்திலிருந்து அவள் கல்யாணமாகி வந்த ஆறாம் நாளே மாமியார் ஜெய்தூன் பீவி இதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஜெய்தூன் பீவி ஆப்பம் சுட்டு, இடியாப்பம் அவித்து விற்கிறவள். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் தேங்காய்ப்பாலோடு சேர்த்து மருமகளின் காலையும் புகழ்ந்து பரிமாறினாள். பெண்களும் பிள்ளைகளும் வந்தால் சிக்கலில்லை. ஆம்பிளைகள் வந்தால் சனாவுல்லா ஒரு பழைய சேலையைக் குறுக்கே பிடித்துக்கொள்ள வேண்டும். வந்தவர் சேலைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார். இந்தப் பக்கமிருந்து கமர்ஜஹான் பிஸ்மி சொல்லிக் காலைத் தூக்கி மெதுவாக வைப்பாள். தோல் ஷாப்பு மேஸ்திரி அப்துல் லத்தீப் வந்தபோது மட்டும் கால் சரியான இடத்தில் விழவில்லை.

"இன்னும் செத்த மேலம்மா," என்றார் அவர்.

"மாமு, நீங்க குனியாம நின்னாத்தேனே எனக்கு இடம் தெரியும்?"

"குனியாம நிக்க முடிஞ்சா நான் ஏம்மா இங்க வாரேன்?"

தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கமர்ஜஹானும் சிரித்தாள். ஆனால் தன் காலில் ஏதோ இருக்கிறது என்பதை எல்லோரையும்விட அவள்தான் முழுசாக நம்பினாள்.

நாலு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, அறுபத்தோராம் வருஷம் அவளுக்கு உண்டானது. ஐந்தாம் மாதம், ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஆப்பத்துக்கு மாவாட்டி முடித்தாள். குழவிக்கல்லைக் கழுவி வைக்கலாமென்று குனிந்து தூக்கி, தூக்கிய கையோடு ஒருபக்கமாகத் திரும்பினாள். இடுப்பில் சுரீரென்று ஒன்று கிளம்பி, இடது தொடை வழியாக இறங்கிப் பெருவிரல் வரைக்கும் போனது. கல் கைநழுவி விழுந்தது. அவள் குனிந்தது குனிந்தபடியே நின்றாள்.

"மாமி... மாமி..."

"என்னடி, தேளு கொட்டிருச்சா?"

"இடுப்பு மாமி. நிமிர முடியல. காலு பூராம் இழுக்குது."

ஜெய்தூன் பீவி அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "பிடிப்புதேன். யா அல்லா, ஊருக்கே கால் வச்சவளுக்கு இப்ப யாருடி கால் வைக்கிறது?"

அந்த வலியிலும் கமர்ஜஹானுக்கு வழி தெரிந்திருந்தது. "என்னைய மாதிரி கால் முதல்ல வந்தவுக வேற யாராச்சும் இருந்தாக் கூட்டியாரச் சொல்லுங்க மாமி."

தேடிக் கண்டுபிடித்து மறுநாள் காலையில் கூட்டிவந்தது சிவனம்மாளை. எரியோட்டுப் பக்கம் வெங்காயக் காட்டில் களையெடுக்கிறவள். அறுபது வயசு, கால் இரண்டும் உலக்கை கணக்காக இருந்தன. வந்தவள் கமர்ஜஹானின் வயிற்றைப் பார்த்ததும் தயங்கினாள்.

"வகுத்துல புள்ள இருக்கே தாயி. எனக்கு என்னமோ மனசு ஒப்பல."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஆத்தா. நானே மாசமா இருக்கவுகளுக்கு வச்சிருக்கேன். வைங்க."

கமர்ஜஹான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமர்ஜஹான் கால் வைப்பது தொட்டு எடுப்பது போல இருக்கும். சிவனம்மாள் அப்படிப் பழகியவள் இல்லை. குதிகாலால் ஒரு மிதி. கமர்ஜஹான் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது மிதியில் கண் இருட்டியது. மூன்றாவதில் இடது கால் தன்னைவிட்டு எங்கோ போய்விட்டது போல இருந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சிவனம்மாள் கையைப் பிசைந்துகொண்டு அழுதே விட்டாள்.

தெருமுனையில் பிரசவம் பார்க்கிற நர்சம்மா ரோஸ்மேரி குடியிருந்தாள். அவள் வந்து, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, கமர்ஜஹானின் இடது கால் பெருவிரலில் குத்தினாள்.

"வலிக்குதா?"

"எது?"

ரோஸ்மேரி ஊசியைத் திரும்பத் தலையில் செருகிக்கொண்டாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். குதிரை வண்டி வேண்டாம், குலுக்கும். படுத்த வாக்குல கொண்டுபோகணும்," என்றாள்.

சனாவுல்லா ஷாப்புக்கு ஓடி, தோலை விரித்து ஆணியடிக்கிற பெரிய பலகை ஒன்றைக் கொண்டுவந்தான். கூட வேலை செய்கிற மூன்று பேர் வந்தார்கள். கமர்ஜஹானைப் பலகையில் ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து, வெயிலுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, நாலு பேரும் தோளில் தூக்கினார்கள். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை. கடைவீதியில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் போனவர் இறங்கி ஓரமாக நின்றார். அத்தர் கடை கிதர் முகம்மது தொப்பியைச் சரிசெய்துகொண்டு "இன்னாலில்லாஹி..." என்று ஓத ஆரம்பித்துவிட்டார்.

துணிக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. "நான் உசுரோடதேன் இருக்கேன், பாய்!"

பாவம், மனுஷன் பின்னாலேயே நகர்ந்து பக்கத்துக் கடை சர்பத் பாட்டில்கள் மேல் போய் விழுந்தார். பலகை தூக்கிய நாலு பேருக்கும் சிரிப்பில் தோள் குலுங்க, "குலுக்காதீங்கடா, குலுக்காதீங்க!" என்று ரோஸ்மேரி கத்திக்கொண்டே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு மணி நேரம் சோதித்தார். காலைத் தூக்கச் சொன்னார், சுத்தியலால் முட்டியில் தட்டினார், பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். பிறகு ஜெய்தூன் பீவியைப் பார்த்து, "நீங்க இடியாப்பம் பிழியிறவங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. அச்சை ஒரு பக்கமா அழுத்தினா மாவு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஓரத்துல பிதுங்கும்."

"அதுதான் இங்கேயும். முதுகெலும்பு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கு. உங்க மருமகளுக்கு அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அமுக்குது. கல்லைத் தூக்கினதுல ஆரம்பிச்சது, மிதிச்சதுல அதிகமாயிடுச்சு."

"மருந்து குடுத்தா உள்ள போயிருமா?"

"இதுக்குப் படுக்கைதான் மருந்து. எக்ஸ்ரே எடுக்க முடியாது, பிள்ளைக்கு ஆகாது. பலகையில ஒருக்களிச்சுப் படுக்கணும். குனியக் கூடாது, ஒரு செம்பு தண்ணிகூடத் தூக்கக் கூடாது. யாரும் இடுப்பைத் தொடவே கூடாது. முக்கால்வாசிப் பேருக்கு இதுலயே அடங்கிடும். அடங்காம ரெண்டு காலும் விழுந்துச்சுன்னா, ஒண்ணுக்கு நின்னுபோச்சுன்னா, மெட்ராஸுக்கு அனுப்பி ஆபரேஷன்தான். அப்போ பிள்ளைக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

கமர்ஜஹான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நாலு மாசந்தானேம்மா? படுக்குறேன்," என்றாள். கால் போய்விடுமோ என்று பயம் இருந்தது. பிள்ளை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

படுப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது படுத்தவளுக்குத்தான் தெரியும். தூக்கிப்போன பலகையே கட்டிலாயிற்று. ஜெய்தூன் பீவி அதைச் சீயக்காய் போட்டு நாலு தடவை தேய்த்துக் கழுவியும் தோல் வாடை போகவில்லை. ஒரு வாரம் கழிந்தது. வலி குறையவில்லை. எட்டாம் நாள் காலையில் மேஸ்திரி சம்சாரம் நர்கீஸ் நாலைந்து பெண்களோடு வந்தாள். வாசலில் தலைப்பாகை கட்டின ஓர் ஆளும் உட்கார்ந்திருந்தார்.

"வடமதுரை நாச்சிமுத்து," என்றாள் நர்கீஸ், ரகசியம் மாதிரி. "ரெட்டைப் புள்ளையில கால் முதல்ல வந்தவரு. அந்தக் கிழவி வச்சது எசகேடாப் போச்சு. இவரு வச்சா அதுவும் சேந்து சரியாயிரும். சேலையக் கட்டிக்கிருவோம்."

ஜெய்தூன் பீவி மருமகளைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வேணாம் லாத்தா," என்றாள் கமர்ஜஹான்.

"டாக்டரம்மா சொன்னதுக்காகவா? அவுகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

டாக்டரம்மா மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். தெருவும் ஒத்துக்கொண்டிருக்கும். ஆனால் எட்டு நாளாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்திருந்தது.

"அவுகளுக்காக இல்ல. எனக்கே வேணாம்."

நர்கீஸின் குரல் மாறியது. "அப்ப நீ எங்களுக்கு வச்சதெல்லாம் பொய்யா? மேஸ்திரிக்கு, எம் மாப்பிள்ளைக்கு, விட்டுச்சே?"

"பிடிப்புன்னா மூணு நாள்ல தன்னால விட்டுரும் லாத்தா. நீங்க எல்லாம் எண்ணெய் தேச்சு, ஒத்தடம் குடுத்து, நாலாம் நாள்தேன் எங்கிட்ட வாரீக."

அடுப்பில் ஆப்பம் கருகுகிற வாடை வந்தது.

"அந்த ஆத்தா மேல தப்பு இல்ல. நாந்தேன் கேட்டு வாங்கினேன். இனிமே நான் யாருக்கும் கால் வைக்க மாட்டேன். எத்தனை இடுப்புல எது இருந்துச்சோ, எனக்கு என்ன தெரியும்?"

"அல்லா குடுத்ததை வேணாங்குற," என்று சொல்லிவிட்டு நர்கீஸ் எழுந்தாள். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். வாசலில் இருந்த நாச்சிமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பொண்ணு சொல்றது ஞாயந்தேன்," என்றார். "எனக்கே ரெண்டு வருசமா முட்டுவலி. அதுக்கு எவன் காலை வைக்கச் சொல்றது? பஸ் வர நேரமாகும், மூணு ஆப்பம் குடுத்தீகன்னா தின்னுட்டுப் போயிருவேன்."

ஜெய்தூன் பீவி ஆப்பத்தைக் கொடுத்தாள். மருமகளோடு இரண்டு நாள் பேசவில்லை. இத்தனை வருஷமாகத் தெருவில் அவள் தலை நிமிர்ந்து நடந்ததே அந்தக் காலால்தான். அதை ஒரே பேச்சில் இவள் இல்லையென்று ஆக்கிவிட்டாளே! காலையில் ஆப்பம் வாங்க வருகிற கூட்டமும் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைப் பலகை ஓரத்தில் டொக்கென்று வைத்தாள்.

"அந்தம்மா சொன்னதையாச்சும் முழுசாச் செய்யி. அரையும் குறையுமா விட்டே, பாத்துக்க."

அன்றிலிருந்து டாக்டரம்மாவே தேவலை என்றாகிவிட்டது. எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று ரோஸ்மேரி ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தாள். ஜெய்தூன் பீவி அதைப் பட்டாளத்துக்காரன் மாதிரி பிடித்துக்கொண்டாள். "முட்டிய மடக்கு! உடம்பத் திருகாத, மொத்தமாப் புரளு! இப்பக் கால இறக்கு! முழங்கைய ஊணு! ம், எந்திரி!" இந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெருவில் மணி சொன்னார்கள். முதலில் சுவரைப் பிடித்து நாலடி. ஆடி முடிவதற்குள் வாசல் வரைக்கும் பத்தடி. ஒருநாள் வலி தாங்காமல் கமர்ஜஹான் பாதியிலேயே நின்று அழுதபோது, மாமியார் இடுப்பைத் தொடாமல் அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு, "அழுதுக்க. அழுதுக்கிட்டே நட," என்றாள்.

சும்மா படுத்திருக்கவும் விடவில்லை. வெஞ்சனத்துக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை ஒரு முறத்தில் கொட்டித் தலைமாட்டில் வைத்துவிடுவாள். ஒருக்களித்துப் படுத்தபடியே கமர்ஜஹான் உரிப்பாள். "மாமி, தேங்காய்ப்பாலுக்கு ஏலக்காய் போடலை, வாசம் வரலை," என்று பலகையிலிருந்தே அதிகாரமும் பண்ணுவாள்.

சனாவுல்லா பேசத் தெரியாதவன். பதனிட்ட மெல்லிய செம்மறித் தோலில் ஒரு முழ அகலத்துக்குப் பட்டை ஒன்று வெட்டி, உள்ளே மல்துணி வைத்துத் தைத்தான். ஷாப்பில் எல்லோரும் "யானைக்கா தைக்கிற?" என்று கேட்டார்கள். எழுந்து நடக்கும்போது அதை வயிற்றுக்குக் கீழே சுற்றி இடுப்போடு கட்டிவிடுவான். தாங்கிப் பிடித்தது போல இருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை அவன் அதில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு துளைக்கும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், உடனே மறைத்துக்கொள்வான்.

புரட்டாசியில் வலி தொடையோடு நின்றது. ரோஸ்மேரி கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தாள். பெருவிரல் இன்னும் செத்துத்தான் கிடந்தது. ஆனால் கால் தாங்கியது, பிள்ளையும் உள்ளே உதைத்தது. மெட்ராஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை பகலில் வலி கண்டது. பள்ளிவாசலுக்குப் போன ஆம்பிளைகள் திரும்புவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. கோபமாக இருந்த நர்கீஸ்கூட ஓடிவந்து வாசலில் நின்றுகொண்டாள். பெண்கள் கமர்ஜஹானை மல்லாக்கப் படுக்கவைக்கப் போனார்கள்.

"மல்லாத்தாதீங்க!" என்று ரோஸ்மேரி உள்ளே நுழைந்தாள். "இவ இடுப்பு அதைத் தாங்காது. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தே பெத்துக்கலாம். மேல் காலை மட்டும் ஒருத்தர் தூக்கிப் பிடிக்கணும்."

"அப்புடிக்கூடப் புள்ள வருமா?"

"எங்கம்மா என்னை அப்படித்தான் பெத்தாங்க. பிடிங்க."

ஜெய்தூன் பீவி பலகை ஓரத்தில் மண்டியிட்டாள். வலது காலைக் கையால் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. "தோள்ல வையிடி," என்றாள்.

வலியின் நடுவிலும் கமர்ஜஹான் திடுக்கிட்டாள். "ஐயோ மாமி, உங்க மேலயா... காலு படும்..."

"ஊருக்கெல்லாம் வச்ச கால்தானடி! எனக்கு மட்டும் என்ன கேடு? வை! நல்லா ஊணி உந்து!"

வைத்தாள். அதற்குப் பிறகு மரியாதை பார்க்க நேரமில்லை. ஒவ்வொரு வலிக்கும் மாமியாரின் தோளில் காலை உந்தினாள். ஜெய்தூன் பீவி பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரில் முதுகைக் கொடுத்து, நகராமல் இருந்தாள். "இன்னும்! இன்னும் ஒண்ணு! எம் புள்ள, எந் தங்கம், இன்னும் ஒரே ஒண்ணு!" இத்தனை வருஷத்தில் அவள் மருமகளைத் தங்கம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கமர்ஜஹானுக்கு அது காதில் விழுந்தது. அந்த வேகத்தில் உந்தியதில் பிள்ளை வந்துவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டதுமே வாசலிலிருந்து நர்கீஸ் கத்தினாள்: "காலா, தலையா?"

"தலைதான். பொம்பளைப் புள்ள," என்றாள் ரோஸ்மேரி.

"மாஷா அல்லா," என்று ஜெய்தூன் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலைல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்காம, இவளையாச்சும் கடையைப் பாக்க விடுவாய்ங்க."

நாற்பது கழிந்து தலைக்குக் குளித்த அன்று ரோஸ்மேரி வந்தாள். கொண்டை ஊசியை எடுத்தாள். குத்தியதும் கமர்ஜஹான் "ஆ!" என்று காலை இழுத்துக்கொண்டு திட்டினாள். அந்த வசவைக் கேட்டு ரோஸ்மேரிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. நடக்கச் சொல்லிப் பார்த்தாள். குனிய விடாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தாள். "இனிப் பிள்ளையை நீயே தூக்கிக்கலாம்," என்றாள்.

இந்த நாற்பது நாளும் பிள்ளைக்குப் பசித்தால் யாராவது ஒருவர் எடுத்துவந்து பலகையில் அவள் பக்கத்தில் கிடத்த வேண்டும். பால் குடித்ததும் யாராவது எடுத்துப் போக வேண்டும். பெற்றவள் தன் பிள்ளையைத் தானே தூக்கியதில்லை. பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் அது அழும்போது, கையை மட்டும் நீட்டிக்கொண்டு அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள்.

பிள்ளை பாயில் கிடந்தது. நர்கீஸும் தெருப் பெண்களும் சுற்றி நின்றார்கள். சனாவுல்லா கதவோரத்தில் நின்றான். கமர்ஜஹான் தோல் பட்டையை இறுக்கிக் கட்டினாள். பாயருகில் போய், முதுகை வளைக்காமல் ஒரு முட்டியை ஊன்றி இறங்கினாள். இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பிள்ளையை எடுத்து நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொண்டாள். ஜெய்தூன் பீவியின் இரண்டு கைகளும் மருமகளின் முதுகுக்குப் பின்னால், தொடாமல், விழுந்தால் பிடிக்கத் தயாராக நீண்டிருந்தன. கட்டளை போடும் அவள் வாய் அன்றைக்கு மூடியே இருந்தது. கமர்ஜஹான் மூச்சை இழுத்துக்கொண்டாள். காலை ஊன்றினாள். தொடை நடுங்கியது. இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்தாள்.

"மாமி, கையை எடுங்க," என்றாள். "நான் நிக்கிறேன்."